அன்புள்ள அக்காவுக்கு வந்த லிங்க்

சலவைக்கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவனுக்கு மழைக்காலத்தில் குளிர் தெரியாது. கீழே ட்ரையர் ஓடத் தொடங்கியதும் என் அறையின் தரை மெல்லச் சூடேறும். வெறுங்காலோடு நின்றால் தூங்குகிற பூனையின் முதுகில் நிற்பதுபோல இருக்கும். சோப்பும் நீலமும் வெந்த பருத்தியும் கலந்த ஒரு மணம் படியேறி வந்து என் சட்டை, தலையணை, நான் வாங்கிவைக்கும் ரொட்டி எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில், நான் உள்ளே நுழைந்தாலே, "யாரோ குளிச்சிட்டு வந்திருக்காங்க" என்பார்கள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் பஸ் நிலையம். அதனால் தெருவின் இரு பக்கமும் லாட்ஜுகள். ஊருக்கு வருகிறவர்கள் இந்தத் தெருவில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் தூங்கிய விரிப்புகளும் துடைத்த துண்டுகளும் மறுநாள் காலையில் மூட்டை மூட்டையாக அக்காவின் கடைக்கு வந்துவிடும். தெருவே அவளை லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிட்டது. நான் கூப்பிடுவது வெறும் அக்கா என்று.

மூட்டையைப் பிரிக்கும்போது அக்கா ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "இது காபி இல்ல தம்பி, இருமல் மருந்து. பாவம், யாரோ ராத்திரி பூரா இருமியிருக்காங்க." இன்னொன்றைப் பார்த்து, "இது குழந்தை. பேனாவோட தூங்கியிருக்கு." தலையணை உறைகளுக்குள்ளிருந்து ஒற்றைச் சாக்ஸ், தோடு, ஒருமுறை ஒரு செட் பல்கூட வந்திருக்கிறது. பல்லை டம்ளரில் போட்டு லாட்ஜுக்கு அனுப்பிவைத்தாள்.

அவள் கணவரை நான் மாமா என்பேன். மிஷின்கள் அவர் பொறுப்பு. நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம், எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சோப்புத்தூள் பாக்கெட்டில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பதை எத்தனை வருடமாகப் படிக்கிறாரோ, இன்றும் படித்துவிட்டுத்தான் வாயைக் கிழிப்பார். "நேத்திக்கும் அதேதான் போட்டிருந்தான்" என்பாள் அக்கா. "மாத்தியிருந்தான்னா?" என்பார் மாமா.

அவர்கள் மகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. சின்ன வேன் ஓட்டிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாகச் சலவை கொண்டுபோய் இறக்குவாள். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் பாப்பா.

என் கடை திறக்க நேரமாகும் என்பதால் காலையில் கீழே இறங்கி அக்காவோடு விரிப்பு மடிப்பேன். ஆளுக்கொரு முனை. அவள் உதறுகிற உதறலில் ஆரம்பத்தில் நானே பறந்து போய் விழுவேன். கூலி ஒரு டீ, சில நாள் முட்டை வைத்த ரொட்டி.

இஸ்திரி மேஜைக்கு மேலே சுவரில் ஒரு போட்டோ உண்டு. ஊஞ்சலில் இரண்டு சின்னப் பெண்கள். ஒருத்தி விறைப்பாக, பரிசு வாங்கப் போகிறவள்போல் உட்கார்ந்திருப்பாள். அது அக்கா. இன்னொருத்தி வாயை முழுசாகத் திறந்து சிரித்துக்கொண்டிருப்பாள், மேல்வரிசையில் ஒரு பல் பாதியாக. அது தங்கை. பஸ் ஓட்டுகிறாள், வேறு ஊரில். அவளை நான் பார்த்ததே இல்லை. அக்காவும் அவளும் பேசி மூன்று வருடம் ஆகிவிட்டது என்று பாப்பாதான் சொன்னாள்.

"சண்டை எதனால?"

"அம்மாகிட்ட கேட்டா ஒரு கதை. சித்திகிட்ட கேட்டா ஒரு கதை. அப்பாகிட்ட கேட்டா, மழை வருதான்னு பார்க்க வெளியே போயிடுவார்."

அந்த லிங்க் வந்த நாள் நிஜமாகவே மழை. ராத்திரி தொடங்கியது விடிந்தும் விடவில்லை. மாடியில் காயப்போட வழியில்லாமல் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, விரிப்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தோம். ட்ரையர் இரண்டும் மூச்சு வாங்கின. அக்கா முழங்கை வரை ஊறல் தொட்டிக்குள் கையை விட்டு, சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளைக் கும்மிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன், ஈரம் படாமலிருக்க பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஆணியில் மாட்டியிருந்தது. லாட்ஜ்காரர்களெல்லாம் எத்தனை விரிப்பு, எப்போது வேண்டும் என்று அதில்தான் மெசேஜ் போடுவார்கள். கடையின் கல்லாப்பெட்டி மேஜையில் இருந்தாலும், கடையின் உயிர் அந்த ஆணியில்தான் தொங்கியது.

போன் சிணுங்கியது.

"யாருன்னு பாருங்க. முனை லாட்ஜா இருந்தா சாயங்காலம்னு சொல்லிடுங்க. வானத்தைக் கேட்டுத்தான் நேரம் சொல்லணும்" என்றாள் அக்கா.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"குருவின்னு வருது."

தண்ணீருக்குள் அக்காவின் கை நின்றுவிட்டது. தங்கைக்கு வீட்டில் குருவி என்று பெயர். வாய் ஓயாது என்பதால்.

"என்ன போட்டிருக்கா?"

மாமா பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தார். "அன்புள்ள அக்கா, நலமா? உங்களுடைய பழைய புகைப்படம் ஒன்று எனக்குக் கிடைத்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இங்கே அழுத்திப் பாருங்கள். இன்று மட்டுமே தெரியும், சீக்கிரம். அதுக்குக் கீழ நீலக் கலர்ல ஒரு லிங்க் இருக்கு."

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் ஏறி இறங்கியது. திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அப்படி ஒரு வெளிச்சம்.

"பார்த்தீங்களா? நான் சொல்லல? அவளே வருவான்னு சொன்னேனா இல்லையா?"

"நீ எப்ப சொன்ன?"

"மனசுல சொன்னேன். அழுத்துங்க, அழுத்துங்க. எந்தப் போட்டோன்னு பார்ப்போம்."

மாமா அழுத்தினார். ஒரு பக்கம் திறந்தது. நடுவில் ஒரு படம், ஆனால் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் முழுக்க மங்கல். மேலே ஒரு பூட்டு. 'படத்தைத் திறக்க உங்கள் போன் எண்ணைப் போடவும்' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன.

அக்கா நுரைக்கையோடு எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது நாங்க இருந்த பழைய வீடு! அந்தப் பச்சை தெரியுது பாருங்க, அதுதான் எங்க பின்கட்டுக் கதவு. அதுகிட்ட நிக்கிறது நான். இடுப்புல கை வெச்சிருக்கேன்."

எனக்குக் கதவும் தெரியவில்லை, இடுப்பும் தெரியவில்லை. மங்கலாக ஒன்றைக் காட்டினால் மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதைத்தான் பார்ப்பார்கள். என் கடையில் எழுத்துப் பலகைக்கு முன்னால் தினமும் நடக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாமா எண்ணைப் போட்டார். உடனே போனுக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது.

"கோடு வந்திருக்கு. அதை இந்தக் கட்டத்துல போடணுமாம்."

"போடுங்க, நேரம் ஓடுது!"

"இரு, படிக்கிறேன். உங்கள் கணக்கைப் புதிய சாதனத்தில் திறப்பதற்கான ரகசியக் குறியீடு இது. இதை யாரிடமும்..."

"நம்பரைச் சொல்லுங்கன்னா!"

"நம்பர் கடைசில வருது. யாரிடமும் பகிர வேண்டாம். யார் கேட்டாலும்..."

"நீங்க சோப்புப் பாக்கெட்டைப் படிக்கிற மாதிரியே படிச்சிட்டிருந்தா அது மறைஞ்சிடும். மாடித் தம்பி, நீங்க வாங்கிப் போடுங்க."

போன் என் கைக்கு வந்தது. நான் அந்தக் கோடு எண்ணைப் பார்த்து முதல் சில எண்களைத் தட்டினேன். புதிய சாதனம் என்று மாமா படித்தது காதில் விழுந்து உறுத்தினாலும், விரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருத்தி அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது விரலை யார் நிறுத்துவது?

அக்காவேதான் நிறுத்தினாள். சந்தேகத்தால் அல்ல, ஆசையால்.

"இருங்க தம்பி. படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவ எழுதினதை இன்னொரு தடவை கேட்டுக்கறேன். ஏங்க, படிங்க."

மாமா என் தோளுக்கு மேலாக எட்டி மறுபடி படித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாதியில் புருவம் சுருங்கியது.

"உங்களுடையன்னா போட்டிருக்கா?"

"ஆமா. உங்களுடைய பழைய புகைப்படம்."

"கண் கலங்கிடுச்சா? அவளுக்கா?"

"கலங்கிவிட்டதுன்னு இருக்கு."

அக்கா கண்ணைத் திறந்தாள். "அவ என்னை அக்கான்னே கூப்பிட்டதில்லையே."

"வயசாகுதில்ல. மாறியிருப்பா" என்றார் மாமா.

"மூணு வருஷத்துல மாறுற ஜென்மமா அது? அவ எழுதினா, ஏ கஞ்சி, இன்னும் உயிரோட இருக்கியான்னுதான் ஆரம்பிப்பா."

துணிக்குப் போடுகிற கஞ்சியைச் சொன்னாள். அக்கா விறைப்பு என்பதால் தங்கை சின்ன வயதிலேயே வைத்த பெயராம். இந்த வீட்டில் அதை உரக்கச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"போடாதீங்க தம்பி." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "கையை எடுத்துடுங்க. என் தங்கச்சி எனக்குப் படம் காட்ட எதுக்குக் கெடு வைக்கிறா?"

மூன்று பேரும் அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குறைந்து, குறைந்து, சைபருக்கு வந்தது. படம் மறையவில்லை. எண்கள் மறுபடி மேலே போய், ஒன்றுமே நடக்காததுபோல் முதலிலிருந்து ஓடத் தொடங்கின.

"களவாணி" என்றாள் அக்கா.

பாப்பா உள்ளே வந்தாள், நனைந்த குடையை உதறிக்கொண்டு. எங்கள் முகங்களைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"கோடு போட்டீங்களா?"

"பாதி" என்றேன்.

"முழுசாப் போட்டிருந்தா நம்ம கணக்கு மொத்தமா அவன் கைக்குப் போயிருக்கும். அம்மா பேர்ல எல்லா லாட்ஜுக்கும் இதே மாதிரி லிங்க் போயிருக்கும். லாண்டரி அக்கா அனுப்பியிருக்காங்கன்னு அவங்களும் அழுத்துவாங்க. சித்தி கணக்கை இப்படித்தான் எவனோ எடுத்திருக்கான்." பக்கத்தை மூடினாள். பிறகு லிங்கை மட்டும் பெரிதாக்கி என்னிடம் காட்டினாள். "கண்ணாடிக் கடைக்காரரே, இதைப் பார்த்தீங்களா?"

சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் போட்டோ என்ற வார்த்தையில் ஓ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சைபர்.

"ஊருக்கெல்லாம் கண் டெஸ்ட் பண்றீங்க" என்றாள் பாப்பா.

லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் கையோடு கணக்குக்குள் போய் இன்னொரு ரகசிய எண்ணையும் போட்டுப் பூட்டினாள். "இனிமே நம்பர் கேட்கிற லிங்க், கோடு கேட்கிற லிங்க், அவசரப்படுத்துற லிங்க் எது வந்தாலும், அனுப்பினவங்களைப் போன்ல கூப்பிட்டுக் குரலைக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் தொடுங்க. அப்பா, கோடு மெசேஜையும் முழுசாப் படிச்சிருப்பீங்க, நீங்க மட்டும்தான் இன்னைக்கு ஒழுங்கா இருந்திருக்கீங்க."

மாமா மிஷின் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

அதற்குள் இன்னொரு சிணுங்கல். அனுப்பியது அக்காவின் பெரியப்பா மகன், டயர் கடை வைத்திருப்பவர். 'அன்புள்ள தங்கையே, நலமா? உங்களுடைய பழைய புகைப்படம் ஒன்று...'

"தங்கையேவா!" அக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க அண்ணன் சேர்ந்தாப்புல ரெண்டு வார்த்தை பேசினா கடையில டயர் வெடிச்சிருக்குன்னு அர்த்தம். அந்த மனுஷன் நலமான்னு கேட்கிறாராம்!"

மாமா அவரைக் கூப்பிட்டார். "அண்ணே, லிங்க் எதாவது அழுத்தினீங்களா?"

"ம்."

"கோடு போட்டீங்களா?"

"ம்."

"இப்ப உங்க மெசேஜ் திறக்குதா?"

பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். பாப்பா வாங்கி, மறுபடி உங்கள் நம்பரைப் போட்டுத் திறங்கள், உங்களுக்கு வரும் கோடு எண்ணை நீங்களே போடுங்கள், பிறகு வேறு எந்த சாதனத்தில் திறந்திருக்கிறதோ அதை வெளியேற்றுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் அவர், "தேங்க்ஸ்மா" என்றாராம். பாப்பா அதை எங்களிடம் ஒரு அதிசயமாக அறிவித்தாள்.

அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. கட்டிவைத்த ஒரு மூட்டையின்மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டிருந்தது.

"மூணு வருஷம் கழிச்சு ஒரு வார்த்தை வந்துச்சேன்னு பார்த்தேன். அதையும் எவனோ எழுதியிருக்கான்" என்றாள். பிறகு, "அவ எழுதணும்னு திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளுக்குத் தெரியல பாருங்க."

ட்ரையர் நின்று மணியடித்தது. யாரும் போய்த் திறக்கவில்லை.

"அம்மா, சித்தியைக் கூப்பிட்டுச் சொல்லணும்" என்றாள் பாப்பா. "அவங்க பேர்ல இன்னும் எத்தனை பேருக்குப் போச்சோ."

"நீ கூப்பிடு."

"இப்பதான் என் போன்லேருந்து கூப்பிட்டேன். எடுக்கல. உங்க நம்பர்லேருந்து கூப்பிட்டா எடுப்பாங்க."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? அவதான் என் தொழிலைக் கேவலமாப் பேசினா."

மாமா மழை பார்க்க வாசலுக்குப் போனார். பாப்பா ட்ரையரைத் திறந்து சூடான துண்டுகளை அள்ளினாள். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். எழுந்து கையை அழுத்தித் துடைத்துவிட்டு, ஏதோ அடிக்கப் போகிறவள்போல் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு இஸ்திரி மேஜைமேல் வைத்தாள்.

ரொம்ப நேரம் அடித்தது.

"ஹலோ, யாரு?" பஸ் டிப்போவின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கரகரத்த குரல்.

"நான்தான்."

"நான்தான்னா? காலையிலேருந்து ஊர்ப்பட்ட பேரு நான்தான் நான்தான்னு கூப்பிட்டாச்சு. ஒருத்தன் என் மாமா பையனோட பிரெண்டாம், கோடு சொல்லுங்கிறான். யாரு பேசுறது?"

"உன் அக்காடி."

போனைக் காது மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எந்த அக்கா?"

"உனக்கு எத்தனை அக்கா இருக்கா? டஜன் கணக்குல வாங்கி வெச்சிருக்கியா?"

"பேச்செல்லாம் அவ மாதிரிதான் இருக்கு. ஆனா எங்க அக்கா என்னைக் கூப்பிட மாட்டா. அவளுக்கு ரோஷம் அதிகம். நம்பரைக்கூடத் திருடிக் கூப்பிடுறானுங்கன்னு டிப்போவுல சொல்றாங்க. நீ அவதான்னா, சின்ன வயசுல எனக்கு எந்தப் பல்லு உடைஞ்சுது சொல்லு."

"மேல் பல்லு. ஊஞ்சல்லேருந்து விழுந்து."

"அது போட்டோவுலயே தெரியும். அந்தப் போட்டோவை நானே நெட்ல போட்டிருக்கேன், ஊரே பார்த்திருக்கு. வேற." ஒரு பஸ் கிளம்புகிற சத்தம் வந்து போனது. "நாம கடைசியா எதுக்குச் சண்டை போட்டோம்?"

அக்கா எங்களைப் பார்த்தாள். நான் கையிலிருந்த விரிப்பை மடிப்பதுபோல் பாவனை செய்தேன்.

"நீ என் தொழிலைக் கேவலமாப் பேசினே. ஊரான் அழுக்கைத் துவைக்கிறவளுக்கு என்ன தெரியும்னு கேட்டே."

"கேட்டேன். அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் இல்ல."

"அப்ப நீ எங்க அக்கா இல்ல. வைக்கிறேன்."

"இரு, இரு, வைக்காதே!" அக்கா மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசலிலிருந்து மாமா திரும்பிப் பார்த்தார். "முன்னாடி... நீ பஸ் லைசென்ஸ் வாங்கின அன்னைக்கு. இவ ஓட்டுற பஸ்ல ஏறுறதுக்கு நான் நடந்தே போயிடுவேன்னு சொன்னேன்."

"யார் முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும்."

"கையில என்ன இருந்துச்சு?"

"கத்தி."

"கத்தி எதுக்கு?"

"கேக் வெட்ட." அக்காவின் குரல் பிசிறியது. "பஸ் மாதிரி கேக். நான்தான் செஞ்சேன், முதல் நாளே உட்கார்ந்து. சக்கரத்துக்கு பிஸ்கட் வெச்சேன். டிரைவர் சீட்டுல உன்னை மாதிரியே ஒரு பொம்மை வெச்சேன். விளையாட்டுக்குத்தான்டி சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்களேன்னு இன்னொரு தடவையும் சொல்லிட்டேன்."

"ரெண்டாவது தடவைதான் எனக்கு அழுகை வந்துச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். ஒத்துக்கத்தான் தெரியல."

டிப்போவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். தங்கை அதற்குப் பதில் சொல்லாமல் மூக்கை உறிஞ்சுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏ கஞ்சி" என்றாள். "நீதான்."

அக்கா சிரித்தாளா, அழுதாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே துண்டைத்தான் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"எவன்கிட்டடி கணக்கைத் தூக்கிக் கொடுத்தே?"

"டியூட்டி நேரம் மாறியிருக்கு, இந்த லிங்க்ல பாருங்கன்னு வந்துச்சு. டிப்போ படமெல்லாம் போட்டிருந்தான். டீ குடிக்கிற அவசரத்துல அழுத்திட்டேன். இப்ப என் மெசேஜ் எனக்கே திறக்கல. உனக்கும் வந்துச்சா? என்னன்னு வந்துச்சு?"

"அன்புள்ள அக்கா, நலமா, உங்களைப் பார்த்துக் கண் கலங்கிட்டேன்னு."

"ச்சீ! நானா?"

"அதான் நானும் யோசிச்சேன்!"

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. டிப்போவில் தங்கை சிரிக்கிற சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே சிரிப்பது கேட்டது. பாப்பா போனை எடுத்துக்கொண்டாள்.

"சித்தி, முதல்ல கணக்கை மீட்போம். உங்க நம்பரைப் போட்டுத் திறங்க. கோடு வரும்."

"வந்துடுச்சு பாப்பா. சொல்றேன் எழுதிக்கோ. நாலு..."

"என்கிட்ட சொல்லாதீங்க! யார்கிட்டயும் சொல்லாதீங்க! நீங்களே போடுங்க!"

"உன்கிட்டகூடவா?"

"என்கிட்டகூட. எங்கம்மாகிட்டகூட."

"அவகிட்ட எப்பவுமே சொல்ல மாட்டேன்" என்றாள் தங்கை. சற்று நேரத்தில், "திறந்துடுச்சு! ஏதோ இன்னொரு போன்ல இருக்குன்னு காட்டுது."

"அதைத் தட்டி வெளியேத்துங்க."

"போடா வெளியே!" பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை இறக்கிவிடுகிற அதே தொனி.

அதற்குப் பிறகு அன்று சலவை பாதிதான் நடந்தது. அக்கா ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், உறவில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, லிங்கைத் தொடாதீர்கள் என்று சொன்னார்கள். ஒவ்வொருவரும் லிங்க் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, "என்னது, நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்று ஒன்பது வார்த்தை கேட்டார்கள். பல வருடமாகக் கேட்காத குரல்களெல்லாம் இஸ்திரி மேஜைமேல் வந்து பேசிவிட்டுப் போயின. லாட்ஜுகளுக்கு மாமா தன் கையாலேயே எழுதி ஒரு எச்சரிக்கை அனுப்பினார். அதை முழுசாகப் படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும், அவ்வளவு நீளம். நான் கடைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். அது உறைக்கவே இல்லை.

தங்கை அடுத்த வாரம் வந்தாள். மழை விட்டு, வெயில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. காலை டியூட்டியை முடித்துவிட்டுச் சீருடையோடு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். கடை வாசல் வழியாக வராமல், வீட்டு ஆட்கள் வருகிற சந்து வழியாக வந்து, துண்டுகளுக்கு நடுவே நின்றாள். உயரம். போட்டோவில் இருந்த பல் இப்போது சரியாக இருந்தது, சிரிப்பு மட்டும் அதே அளவு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டிக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். அக்கா நேராகப் போய் அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாருடி துவைக்கிறது?"

"மிஷின்."

"மிஷினா இது? காலரைப் பாரு, ரோடு மாதிரி இருக்கு. கழட்டு."

"ஏய், வந்து ரெண்டு நிமிஷம் ஆகல."

"கழட்டுன்னா கழட்டு."

உள்ளே போய் மாற்றிக்கொள்ள அவளுக்குக் கிடைத்தது முனை லாட்ஜின் குளியல் அங்கி, மார்பில் லாட்ஜின் பெயர் நூலால் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு மகாராணிபோல் வெளியே வந்தாள். அக்கா காலரில் சோப்பைத் தேய்த்துத் தேய்த்து, அது மூன்று வருட அழுக்கு என்பதுபோல் பிரஷ் போட்டாள். தங்கை பேச்சை நிறுத்தவே இல்லை. பஸ்ஸில் ஏறிய கல்யாண கோஷ்டியைப் பற்றி, கோழிக்கூண்டைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு அதற்கும் டிக்கெட் கேட்ட ஆளைப் பற்றி. பேசிக்கொண்டே மாமா கொடுத்த ரொட்டியையும் முட்டையையும் தின்றாள். டீயை ஊதி ஊதிக் குடித்தாள். ட்ரையரிலிருந்து பாப்பா அப்போதுதான் துண்டுகளை அள்ளி மேடைமேல் குவித்திருந்தாள். பேச்சுக்கு நடுவே தங்கை அதில் மெல்லச் சாய்ந்தாள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"தூங்கிட்டா" என்றாள் பாப்பா.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து பஸ் எடுத்திருப்பா" என்றாள் அக்கா. அருகில் போய்ச் சூடு மாறாத இன்னொரு துண்டை எடுத்து அவள் பாதத்தின்மேல் போர்த்தினாள்.

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது. முனை லாட்ஜின் வண்டி. டிரைவர் இறங்கி வந்தார். "அக்கா, துண்டு ரெடியா? ஆள் வந்து குவிஞ்சிருக்கு."

"இன்னும் காயல" என்றாள் அக்கா.

அவர் திரும்பி, தெருவைச் சுட்டுக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். "இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான்."

அவர் எட்டிப் பார்த்தார். தன் லாட்ஜின் துண்டுக் குவியல்மேல், தன் லாட்ஜின் அங்கியைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து தூங்குகிற ஒரு பெண். விரலை நீட்டி, "அக்கா, அது எங்க..." என்று ஆரம்பித்தார்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அக்கா. "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."